விசாரிக்காமல் முடிப்பதற்குப் பெயர் நியாயமா?

ஐம்பது வருடம் கழித்து வந்து வழக்குப் போட்டால் அதை எப்படி விசாரிப்பது? குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டார். அவருக்கு மேலே இருந்த ஆயரும் இறந்துவிட்டார். கூட வேலை பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. எதிர்த்தரப்பு வெறுங்கையோடு வந்து நிற்க வேண்டியிருக்கும். ஆகவே இப்படி ஒரு வழக்கை நடத்துவதே நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். அதை நிரந்தரமாக நிறுத்திவிடுவதுதான் நியாயம்.

சிறார் பாலியல் கொடுமை தொடர்பான சிவில் வழக்குகளில் ஆஸ்திரேலியாவின் திருச்சபைகள், பள்ளிகள், அரசுத் துறைகள், அவற்றின் காப்பீட்டாளர்கள் எல்லோருடைய வக்கீல்களும் சொல்லிவரும் வாதம் இது. கேட்ட மாத்திரத்தில் தலையாட்டத் தோன்றும். 2023 நவம்பர் 1 அன்று அந்நாட்டின் உச்ச நிலை நீதிமன்றமான ஹை கோர்ட், ஜி.எல்.ஜே. என்ற மறைபெயரில் ஒரு பெண் தொடர்ந்த வழக்கில் இந்த வாதத்தை 3-2 என்ற பெரும்பான்மையில் நிராகரித்தது. அதற்குப் பிறகும் வாதம் சாகவில்லை. மூன்று நீதிபதிகள் பரிதாபப்பட்டுச் சட்டத்தை வளைத்துவிட்டார்கள் என்ற குரல் இன்னும் கேட்கிறது. வளைந்திருந்ததை நிமிர்த்திய தீர்ப்பு அது என்பது என் கட்சி.

முதலில் வழக்கு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்குக் கோடியில் இருக்கிறது லிஸ்மோர் மறைமாவட்டம். வாதி சொல்வது இது: 1968-இல் அவருக்கு வயது 14. தந்தை மோட்டார் சைக்கிள் விபத்தில் பலமாக அடிபட்டுக் கிடந்தார். குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லவும் ஜெபிக்கவும் மறைமாவட்டத்தின் பாதிரியார் ஒருவர் வீட்டுக்கு வந்துபோனார். அந்தப் பாதிரியார் அந்த வீட்டிலேயே தன்னைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அவர் 1971-இல் குருத்துவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார், 1996-இல் இறந்துபோனார். 2020 ஜனவரியில் வழக்கு தாக்கலானது. பிரதிவாதி, மறைமாவட்டத்தின் அறங்காவலர் அமைப்பு.

அந்த அமைப்பு வழக்கை நிரந்தரமாக நிறுத்தும்படி மனுப் போட்டது. நம் ஊரில் ஸ்டே என்றதும் நினைவுக்கு வரும் இடைக்காலத் தடையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே அடுத்த வாய்தா என்று ஒன்று கிடையாது. வாதி தோற்றார் என்று தீர்ப்பு வராது, ஜெயித்தார் என்றும் வராது. சம்பவம் நடந்ததா இல்லையா என்று யாரும் சொல்லப்போவதில்லை. கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். 2021-இல் தனி நீதிபதி இந்த மனுவைத் தள்ளினார். 2022-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதைப் புரட்டிப்போட்டு நிரந்தரத் தடை கொடுத்தார்கள். அதை எதிர்த்துத்தான் அந்தப் பெண் ஹை கோர்ட் வரை போனார்.

இறந்தவர் வந்து பதில் சொல்ல முடியாதே என்கிறார்கள். சரி, வழக்கு யார் மேல்? இறந்தவர் மேல் இல்லை. சிறைக்குப் போகப்போகிறவர் யாரும் இல்லை. வழக்கு ஒரு நிறுவனத்தின் மேல், இழப்பீடு கேட்டு. அந்த நிறுவனம் சாகவில்லை. அதன் ஆவணக் காப்பகமும் இருக்கிறது, சொத்தும் இருக்கிறது. அது இழந்தது என்ன என்று நிதானமாகக் கணக்குப் பார்க்கலாம். அந்தப் பாதிரியாரைக் கூப்பிட்டு, நீங்கள் இதைச் செய்தீர்களா என்று கேட்கும் வாய்ப்பை அது இழந்திருக்கிறது. கேட்டிருந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். இல்லை என்று மறுத்திருப்பார்; தன்னைக் காத்துக்கொள்ள மறுக்கும் ஒருவரின் சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டோ அவ்வளவுதான் அதற்கு இருந்திருக்கும். ஆமாம் என்று ஒப்புக்கொண்டிருப்பார். அது நிறுவனத்துக்குப் பாதகமாகப் போயிருக்கும். அல்லது வாயே திறந்திருக்க மாட்டார். முதலாளிக்கு எதிரான எந்த இழப்பீட்டு வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்ட ஊழியர் வந்து ஒத்துழைப்பார் என்று யாரும் உத்தரவாதம் கொடுத்ததில்லை. வேலையை விட்டு ஓடிப்போனவர் உண்டு, முதலாளியையே காட்டிக்கொடுத்தவர் உண்டு, பொய் சொன்னவரும் உண்டு. அதற்காக அந்த வழக்குகளை எல்லாம் யாரும் நிறுத்திவைக்கவில்லை.

ஆதாரம் அழிந்துபோவது யாருக்கு நஷ்டம்? நிரூபிக்க வேண்டிய சுமை வாதியின் தலையில் இருக்கிறது. சாட்சி செத்தால் வாதிக்கும் செத்ததுதான். தாய் தந்தை போய்விட்டார்கள் என்றால், மகளிடம் தெரிந்த மாற்றத்தைப் பார்த்தவர்கள் போய்விட்டார்கள் என்று அர்த்தம். ஐம்பது வருடத்துக்கு முந்திய நினைவைக் கையில் வைத்துக்கொண்டு, குறுக்கு விசாரணையில் கைதேர்ந்த ஒரு மூத்த வக்கீலுக்கு முன்னால் நிற்கப்போவது அவர்தான். மறுப்பதற்கு ஆள் இல்லை என்பதற்காக அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் நீதிபதிக்கு இல்லை. இதைப் பெரும்பான்மைத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. பாரதூரமான குற்றச்சாட்டை சிவில் வழக்கில் நிரூபிக்கும்போது, அதன் கனத்துக்கேற்ற உறுதி நீதிபதியின் மனத்தில் ஏற்பட வேண்டும் என்ற விதி 1938-இன் பிரிகின்ஷா தீர்ப்பிலிருந்து ஆஸ்திரேலியாவில் இருந்துவருகிறது. ஆதாரம் மெலிந்து கிடந்தால் வாதி தோற்பார். அப்படித் தோற்பதற்கு ஒரு விசாரணை நடந்தாக வேண்டும் என்பதுதான் ஹை கோர்ட் சொன்னது. எதிர்த்தரப்பின் வாதத்தை ஒரு வரியில் சுருக்கினால், ஆதாரம் போதாது, அதனால் போதுமா போதாதா என்று பார்க்கவே கூடாது என்று வருகிறது.

லிஸ்மோரில் ஆதாரம் அப்படி ஒன்றும் துடைத்துப்போட்ட மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பாதிரியாரின் நடத்தை பற்றி மறைமாவட்டத்தின் பழைய ஆவணங்களிலேயே குறிப்புகள் இருந்தன. சிறுவர்களாக இருந்தபோது அவரால் பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் ஆண்களும் இருந்தார்கள். எதிர்த்தரப்பு இதற்குச் சொன்ன பதில்: அந்தக் குறிப்புகளும் புகார்களும் சிறுவர்களைப் பற்றியவை, இந்த வாதி ஒரு பெண். இது விசாரணையில் வைக்க வேண்டிய வாதம், வைத்தால் எடுபடவும் கூடும். ஆனால் ஒரு பிரதிவாதி ஆவணங்களை விரித்துவைத்து, இதற்கு இந்தப் பொருள் இல்லை, அந்தப் பொருள்தான் என்று இவ்வளவு நுணுக்கமாக வாதாட முடிகிறது என்றால், வாதாட வழியே இல்லை என்று அதே பிரதிவாதி எப்படிச் சொல்கிறது?

அடுத்து, காலம். இவ்வளவு தாமதமாக ஏன் வந்தாய் என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலிய அரசே பதில் தேடிக் கொடுத்திருக்கிறது. நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமைகளை விசாரிக்க அமைத்த ராயல் கமிஷன் 2013 முதல் 2017 வரை வேலை செய்தது. தனி அமர்வுகளில் 8,000-க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலத்தைக் கேட்டது. அவர்கள் முதன்முதலாக வாய் திறக்க எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 வருடம். கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிரான கோரிக்கைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, சம்பவத்துக்கும் கோரிக்கைக்கும் நடுவில் சராசரியாக 33 வருடம். குழந்தையைச் சிதைத்தவரே ஊரார் கைகூப்பும் ஆளாக இருக்கும்போது வீட்டிலேயே அந்தக் குழந்தையை நம்ப மாட்டார்கள். சொன்னதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. இந்தக் காயத்தின் இயல்பே தாமதம் என்று கமிஷனுக்குப் புரிந்தது. இத்தகைய வழக்குகளுக்குக் காலவரம்பே இருக்கக் கூடாது, பழைய சம்பவங்களுக்கும் இது பொருந்த வேண்டும் என்று 2015-இல் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை வெளிவருவதற்கு முன்பே விக்டோரியா அதைச் செய்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் 2016 மார்ச்சில் செய்தது. மற்ற மாநிலங்கள் பின்னால் வந்தன.

இங்கேதான் எதிர்த்தரப்பிடம் இருப்பதிலேயே கூர்மையான வாதம் வருகிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது. காலவரம்பை நீக்கிய அதே சட்டம், வழக்குகளை நிறுத்திவைக்க நீதிமன்றங்களுக்கு உள்ள அதிகாரம் அப்படியே தொடரும் என்றும் சொல்கிறது. கமிஷனும் அதையேதான் பரிந்துரைத்தது. அப்படியானால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று ஹை கோர்ட் எப்படிச் சொல்லலாம்?

ஹை கோர்ட் அப்படிச் சொல்லவில்லை. அதிகாரம் இருக்கிறது, அது விதிவிலக்கான நிலைமைக்கு உரியது, அப்படி ஒரு நிலைமை இருப்பதாக நிரூபிக்கும் பொறுப்பு தடை கேட்பவருடையது. இதெல்லாம் பழைய சட்டம்தான். மாறியது எது விதிவிலக்கு என்பது. காலவரம்பு இருந்த காலத்தில் ஐம்பது வருடப் பழைய வழக்கு விநோதமாகத் தெரிந்தது. ஐம்பது வருடம் கழித்தும் வரலாம் என்று சட்டமன்றமே சொன்ன பிறகு, ஐம்பது வருடம் ஓடினால் வழக்கமாக என்னவெல்லாம் நடக்குமோ அதெல்லாம் விதிவிலக்கு ஆகாது. ஆட்கள் சாவார்கள், காகிதம் தொலையும், நினைவு மங்கும். இவை தெரியாமலா சட்டமன்றம் காலவரம்பை எடுத்தது? ஒருவர் இறந்துபோனார் என்பதே தடைக்குப் போதுமென்றால், முன்வாசலில் அனுப்பிவைத்த காலவரம்பைக் கொல்லைப்புறமாக வரவழைத்து உட்காரவைத்ததாகிவிடும். வித்தியாசம் ஒன்றுண்டு. பழைய காலவரம்புக்கு இத்தனை வருடம் என்று ஒரு எண்ணாவது இருந்தது. இதற்கு எண் இல்லை. குற்றவாளி எப்போது சாகிறானோ அப்போது உன் உரிமையும் சாகும் என்பதுதான் கணக்கு.

2006-இன் பட்டிஸ்டாட்டோஸ் தீர்ப்பை இங்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். 1965-இல் நடந்த சாலை விபத்து, 1994-இல் தாக்கலான வழக்கு. ஹை கோர்ட்டே 4-3 பெரும்பான்மையில் அந்த வழக்கை நிறுத்தியது சரி என்று சொன்னது. உண்மை. ஆனால் அது சாலைப் பராமரிப்பும் அடையாளக் கம்பங்களும் பற்றிய வழக்கு. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ விபத்து வழக்குகளுக்குக் காலவரம்பே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கவில்லை. அன்று 29 வருடம் விதிவிலக்காக இருந்தது என்பதால் இன்று 52 வருடமும் அப்படியே இருக்க வேண்டும் என்பது, நடுவில் வந்த சட்டத்தைப் படிக்காமல் பழைய தீர்ப்பை மட்டும் படிப்பது.

வக்கீல்களுக்கு இந்தத் தீர்ப்பில் அதிகம் உறுத்துவது பொதுமக்கள் கவனிக்காத ஒரு பகுதி. தடை கொடுப்பதா வேண்டாமா என்பது விசாரிக்கும் நீதிபதியின் விருப்புரிமை என்றுதான் நெடுங்காலமாகக் கருதிவந்தார்கள். விருப்புரிமை என்றால் மேல்முறையீட்டில் அதைத் தொடுவது கஷ்டம். 1936-இன் ஹவுஸ் எதிர் மன்னர் தீர்ப்பு போட்ட கோடு அது: கீழ் நீதிபதியின் இடத்தில் நான் இருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன் என்பது போதாது; அவர் தவறான கொள்கையைப் பிடித்துக்கொண்டார், பார்க்கக் கூடாததைப் பார்த்தார், பார்க்க வேண்டியதை விட்டார், அல்லது யாரும் எடுக்க முடியாத முடிவை எடுத்தார் என்று காட்ட வேண்டும். ஜி.எல்.ஜே. வழக்கில் ஹை கோர்ட் இந்தக் கோட்டை அழித்தது. நியாயமான விசாரணை சாத்தியமா என்ற கேள்விக்குச் சரியான பதில் ஒன்றுதான் இருக்க முடியும். அந்தப் பதிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் தானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்றது.

இதைக் குறை சொல்பவர்கள், கீழ் நீதிபதிகளுக்கு மரியாதை போய்விட்டது, இனி ஒவ்வொரு தடை மனுவும் இரண்டு மூன்று முறை வாதாடப்படும் என்கிறார்கள். எனக்கு இந்தக் கவலை விநோதமாகப் படுகிறது. வாய்தா கொடுப்பது விருப்புரிமை. சாட்சிகளை எந்த வரிசையில் விசாரிப்பது என்பது விருப்புரிமை. இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் செய்யலாம், இரண்டும் சரியாக இருக்கலாம். ஒரு குடிமகளின் வழக்கை விசாரணையே இல்லாமல் நிரந்தரமாக மூடுவதில் அப்படி இரண்டு சரி இருக்க முடியுமா? ஒரே கோப்பை ஒரு நீதிபதி பார்த்தால் விசாரணை, பக்கத்து அறை நீதிபதி பார்த்தால் தடை, இரண்டுமே சட்டப்படி சரி என்றால், வாதியின் உரிமை எந்த அறையில் அவர் வழக்குப் பட்டியலிடப்பட்டது என்பதைப் பொறுத்ததாகிவிடும்.

தலையெண்ணிக்கைக் கணக்கு ஒன்றும் சுற்றிவர வாய்ப்புண்டு. கீழிருந்து மேல்வரை மொத்தம் ஒன்பது நீதிபதிகள் இந்த மனுவைப் பார்த்தார்கள். ஐந்து பேர் தடைக்கு ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. ஆனாலும் நான்கு பேர் பக்கம் ஜெயித்தது. கணக்கு சரி. மேல்முறையீடு என்றால் என்ன என்பதுதான் இதில் விட்டுப்போகிறது. போகட்டும், இந்த எண்ணிக்கையிலிருந்து ஏதாவது தெரிகிறது என்றால் அது ஒன்றுதான்: பழுத்த அனுபவமுள்ள நீதிபதிகளே ஒரே காகிதக் கட்டைப் பார்த்து நேர்க்குநேர் எதிரான முடிவுக்கு வருகிறார்கள். அப்படிப்பட்ட கேள்வியை முதலில் பார்த்தவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டு மேலே இருப்பவர்கள் கைகட்டி நிற்பது எப்படிச் சரியாகும்? அந்த அளவுகோல் ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமானதும் இல்லை. நாளைக்கு ஒரு கீழ் நீதிபதி தப்பாகத் தடையை மறுத்தால், மறைமாவட்டமும் இதே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

நிறுவனங்கள் வெறுங்கையோடு நிற்கின்றன என்ற சித்திரத்துக்கு வருகிறேன். ஜான் எல்லிஸ் வழக்கைத் தெரிந்தவர்கள் இந்தச் சித்திரத்தை நம்புவது கஷ்டம். சிட்னியில் 1970-களில் பீடச் சிறுவனாக இருந்தபோது ஒரு பாதிரியாரால் பாதிக்கப்பட்ட அவர், வளர்ந்து வக்கீலானார். 2002-இல் திருச்சபையின் சொந்தப் புகார் முறையில்தான் முதலில் போய் முறையிட்டார். பாதிரியார் அப்போது உயிரோடு இருந்தார், மறதி நோயில், 2004-இல் இறந்தார். திருச்சபையே நியமித்த மதிப்பீட்டாளர், கொடுமை நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று எழுதிக்கொடுத்தார். உயர் மறைமாவட்டம் 25,000 டாலர் தருவதாகச் சொன்னது, பிறகு 30,000 என்றது. எல்லிஸ் தரப்பு கேட்டது 1,00,000. பேச்சு முறிந்து அவர் வழக்குப் போட்டபோது என்ன ஆயிற்று? தன் மதிப்பீட்டாளரே ஏற்றுக்கொண்ட சம்பவத்தை, அது நடந்ததாகவே ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று உயர் மறைமாவட்டம் நீதிமன்றத்தில் நின்றது. பாதிக்கப்பட்ட மனிதரைக் கூண்டில் ஏற்றி நாள்கணக்கில் குறுக்கு விசாரணை செய்தார்கள். கடைசியில் 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சொத்தை வைத்திருக்கும் அறங்காவலர் அமைப்பு பாதிரியார்களின் செயலுக்குப் பொறுப்பாகாது, திருச்சபை என்ற பெயரில் வழக்குப் போட ஒரு சட்ட நபரே கிடையாது என்று சொல்லிவிட்டது. எல்லிஸ் வாதம் என்று சட்டப் புத்தகங்களில் அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது, தோற்றவர் பெயரால். ஒரு லட்சம் கொடுக்க மறுத்தவர்கள் வழக்குக்குச் செலவழித்தது பத்து லட்சம் டாலருக்கும் மேல் என்று 2014-இல் ராயல் கமிஷனின் பகிரங்க விசாரணையில் தெரியவந்தது.

அந்த ஓட்டையை 2018-இல் விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் சட்டம் போட்டு அடைத்தன. காலவரம்பு போயிற்று, எல்லிஸ் வாதமும் போயிற்று. கையில் மிச்சமிருந்த ஆயுதம் நிரந்தரத் தடை. 2022-இல் லிஸ்மோர் வழக்கில் அது பலித்ததும், கேட்ட இடமெல்லாம் அதைக் காட்டத் தொடங்கினார்கள். மனுப் போட வேண்டிய அவசியம்கூட இல்லை. போடுவோம் என்று சொன்னாலே சமரசப் பேச்சில் தொகை இறங்கும். வழக்கே நடக்காமல் போகலாம் என்ற பயத்தில் இருப்பவர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். நியாயமான விசாரணையைக் காக்கவே இந்த அதிகாரம் என்கிறார்கள். நடைமுறையில் அது விசாரணை அறைக்கு வெளியே பேரம் பேசத்தான் அதிகம் உதவியது.

நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துதல் என்ற முத்திரைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1974-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர மதுக்கடைக் குண்டுவெடிப்புகளில் 21 பேர் இறந்தார்கள். ஆறு ஐரிஷ்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். போலீஸ் தங்களை அடித்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கியது என்று அவர்கள் சிவில் வழக்குப் போட்டார்கள். 1980-இல் டென்னிங் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளியது. அன்று அந்நாட்டின் உச்ச நிலை நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும் 1981-இல் அதை நடைமுறைத் துஷ்பிரயோகம் என்று சொல்லி உறுதிசெய்தது. இவர்கள் ஜெயித்தால் போலீஸ் பொய் சாட்சி சொன்னதாகவும் வன்முறையில் இறங்கியதாகவும் ஆகிவிடும், அது நினைத்துப் பார்க்கவே முடியாத காட்சி, ஆகவே வழக்கு மேலே போகக் கூடாது என்ற பொருளில் டென்னிங் எழுதினார். 1991-இல் ஆறு பேரின் தண்டனையும் ரத்தாயிற்று. சட்டக் காரணம் வேறு என்பது எனக்குத் தெரியும். அங்கே பிரச்சினை, ஒரு நீதிமன்றம் முடிவு செய்ததை இன்னொரு நீதிமன்றத்தில் கிளறலாமா என்பது. ஆனால் விசாரிக்காமலே ஒரு வழக்கைத் துஷ்பிரயோகம் என்று சொல்லும் நீதிபதி எவ்வளவு பெரிய பந்தயம் கட்டுகிறார் என்பதற்கு இதைவிட உதாரணம் தேட வேண்டியதில்லை.

பணம் பற்றிய புலம்பலை அதிகம் நீட்ட வேண்டாம். இன்றைய விசுவாசிகள் அன்றைய பாவத்துக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். 1911 முதல் இயங்கிய கத்தோலிக்கத் திருச்சபையின் சொந்தக் காப்பீட்டு நிறுவனம், பழைய கொடுமை வழக்குகளின் பாரம் தாங்காமல் 2023-இல் புதுப் பாலிசி கொடுப்பதை நிறுத்தியதையும் காட்டுகிறார்கள். அன்று வாங்கிய நிலத்தையும் கட்டிய பள்ளியையும் இன்றைய விசுவாசிகள் வேண்டாம் என்று சொல்லவில்லையே. சொத்து தலைமுறை தாண்டி வரும், கடன் மட்டும் வராது என்ற சட்டம் எங்கும் இல்லை.

எல்லா வழக்கையும் நடத்தியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2019-இல் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கை நிறுத்தியது. 1970-களில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவம். பிரதிவாதி நிறுவனம் இல்லை, தனி மனிதர், குற்றம் சாட்டப்பட்டவரே அவர்தான். மறதி நோய் முற்றி, தன் மேல் என்ன வழக்கு என்று புரிந்துகொள்ளவோ வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லவோ முடியாத நிலையில் இருந்தார். தற்காத்துக்கொள்ள முடியாது என்பதற்கு அங்கே முழுப் பொருள் இருந்தது. அதே வாசகத்தைக் கோப்புகளும் காப்பீட்டுப் பத்திரமும் வக்கீல் பட்டாளமும் உள்ள ஒரு நிறுவனம் சொல்லும்போது எனக்கு அந்த முதியவரும் நினைவுக்கு வருவதில்லை, இரக்கமும் வருவதில்லை.

லிஸ்மோர் தீர்ப்பில் மாறுபட்ட இரண்டு நீதிபதிகளையும் அலட்சியமாகத் தள்ளக் கூடாது. மறைமாவட்டத்தால் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அர்த்தமுள்ள எதிர்வாதம் செய்ய வழியில்லாத இடத்தில் விசாரணை நியாயமாக இருக்க முடியாது என்பது அவர்கள் கவலை. கவலை நியாயமானதுதான். ஆனால் தெரியாது என்பதும் சிவில் வழக்கில் ஒரு பதில்தான். எங்களுக்குத் தெரியாது, நீ நிரூபி என்று பிரதிவாதிகள் எழுத்துமூல பதிலுரையில் தினமும் எழுதுகிறார்கள். நியாயமான விசாரணை குறையே இல்லாத விசாரணையாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. இந்த நிறுவனத்தில் எந்தப் பாதிரியாரை எங்கே, ஏன் மாற்றினார்கள், எந்தப் புகார் யார் மேசைக்குப் போனது என்ற கேள்விகளுக்கான காகிதங்களை எழுதியதும் வைத்திருந்ததும் பிரதிவாதி. எழுதாமல் விட்டதும் அதே கைதான். அந்த இருட்டுக்கான விலையை வாதி மட்டும் கொடுக்க வேண்டும் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

கதவைத் திறந்துவிட்டால் எல்லோரும் ஜெயித்துவிடுவார்கள் என்ற பயத்துக்கும் ஹை கோர்ட்டே பதில் சொன்னது. 2024 நவம்பர் 13 அன்று ஒரே நாளில் மூன்று தீர்ப்புகள் வந்தன. ஒன்று பல்லாரட் மறைமாவட்ட வழக்கு: பாதிரியார் ஊழியர் அல்லர், ஆகவே ஊழியரின் செயலுக்கு முதலாளி பொறுப்பு என்ற விதியின் கீழ் மறைமாவட்டம் பொறுப்பாகாது என்று சொல்லி, கீழே ஜெயித்திருந்த வாதியைத் தோற்கடித்தது. மற்ற இரண்டும் நிரந்தரத் தடையை எதிர்த்த மேல்முறையீடுகள். மேற்கு ஆஸ்திரேலியாவில் சால்வேஷன் ஆர்மி நடத்திய சிறுவர் இல்லம் தொடர்பான வழக்கில் தடையை நீக்கி, விசாரணைக்குப் போகச் சொன்னது. சிறுமியாக அரசுப் பராமரிப்பில் இருந்த ஒருவர் குயின்ஸ்லாந்து அரசின் மேல் தொடர்ந்த வழக்கில் மேல்முறையீட்டைப் பகுதியளவே ஏற்றது: யார், எங்கே, எப்போது என்று பிடித்துக்கொள்ளக் கொம்பு இருந்த குற்றச்சாட்டுகளை நடக்கவிட்டது, இல்லாதவற்றின் மேல் தடையைத் தொடரவிட்டது. இரண்டு மாநிலங்களிலும் விசாரணை நீதிபதியும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கை முழுதாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியாக எடுத்து, இதை விசாரிக்க முடியுமா என்று கேட்கும் வேலை முதல் படியிலேயே நடந்திருக்கலாம். அதைச் செய்யவைக்க, முதுமையில் இருக்கும் இரண்டு வாதிகள் கான்பெராவில் இருக்கும் ஹை கோர்ட் வரை போக வேண்டியிருந்தது.